பதினெட்டு வீடும் ஒரே மட்டம்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார். அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டீங்கன்னா நானும் உக்காந்துப்பேன். ஜன்னல் ஓரம் நீங்களே இருங்க, எனக்கு இந்த வளைவெல்லாம் பழகிப்போச்சு. பதினொரு வருஷமா ஏறி இறங்கறேன். பிளாக் ஆபீஸ்ல ஓவர்சியர். ஏகாம்பரம்னு பேரு. மலை மேல எந்த ஊர்ல கேட்டாலும் என்னைத் தெரியும். நல்லவிதமாத்தான் சொல்லுவாங்க. அதுதான் சார் என் கஷ்டமே.

சிரிக்காதீங்க. என்னைப் பத்தி நல்லவிதமா சொல்லித்தான் எனக்கு ஒரு இன்கிரிமெண்ட் போச்சு. கெட்டவன்னு சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன். ஆபீஸ்ல இதைச் சொன்னா ஒருத்தனுக்கும் புரியல. என் சம்சாரம்கூட, நீங்க என்ன பண்ணீங்கன்னு என்னையே திருப்பிக் கேக்கறா. நீங்க வெளியூர் ஆளு, நடுநிலையா சொல்லுவீங்க. கேளுங்க.

மேல்நெல்லிப்பட்டுன்னு ஒரு ஊரு. இந்த பஸ்ஸு போய் நிக்கற கடைசி ஊரு அதுதான். மலையாளி ஜனங்க. கேரளாக்காரங்க இல்ல சார், மலையில இருக்கறதால மலையாளின்னு பேரு. பழங்குடி. பதினெட்டு குடும்பம். பழங்குடி வீட்டுத் திட்டத்துல பதினெட்டுக்கும் ஒரே நேரத்துல சாங்ஷன் ஆச்சு. லிஸ்ட் போட்டது யாரு? நான். ஃபைலைத் தூக்கிக்கிட்டு மேசை மேசையா நடந்தது யாரு? நான். அதையெல்லாம் யாரும் பேச மாட்டாங்க.

உத்தரவு பதினேழு பக்கம். ஊரைக் கூட்டி வச்சு நானே படிச்சுக் காட்டினேன். பழைய வீட்டைப் பிரிக்கணும், காலி எடத்தைப் போட்டோ எடுக்கணும், அப்புறம்தான் முதல் தவணைன்னு ஒண்ணு விடாம சொன்னேன். ஒரே ஒரு பாராதான் விட்டுட்டேன். பதினாலாவது பாரா. ‘புயல், வெள்ளம் முதலிய அவசர காலங்களில் அரசு இந்நிதியை முன்னறிவிப்பின்றி நிறுத்தி வைக்கலாம்’னு இருக்கும். எல்லா உத்தரவுலயும் அது இருக்கும் சார், கல்யாணப் பத்திரிகையில தங்கள் நல்வரவை விரும்பும்னு போடற மாதிரி. அதைப் போய் யாரு படிப்பா? மணி ஒண்ணரை ஆயிடுச்சு. பசி வேற.

ரெண்டே நாள்ல பதினெட்டு வீட்டையும் பிரிச்சுட்டாங்க. பழைய வீடு மோசம்னு சொல்ல மாட்டேன். மண்சுவரு, மலைப்புல்லு கூரை, ஒரு சொட்டு ஒழுகாது. ஆனா உத்தரவுல குடிசைன்னு போட்டிருக்கே. ஊர்க்கவுண்டர், தீர்த்தான்னு பேரு, அவருதான் ஊருக்குப் பெரியவரு, ஒரு அம்பது வயசு இருக்கும், அவரு மட்டும் பிரிக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து, “புது வீடு எழும்பற வரைக்கும் பழசு ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டுமே சார்”னு கேட்டாரு.

“போட்டோல பழைய வீடு தெரிஞ்சா ரிஜெக்ட் ஆயிடும் கவுண்டரே”ன்னேன்.

“நீங்க சொன்னா சரி சார்”னுட்டுப் போயிட்டாரு. அவ்வளவு மரியாதை என் மேல. ஊரே மரத்தடியிலயும் பாறைச் சந்துலயும் தழை போட்டுக்கிட்டுக் குந்தியிருந்துச்சு. நாலு மாசம்தானேன்னு நானும் நெனச்சேன்.

இப்ப அந்த ஜனங்க பண்ண வேலையைச் சொல்றேன், கேளுங்க. நீங்களா இருந்தா பதினெட்டு வீடு எப்படிக் கட்டுவீங்க? ஒண்ணை முடிச்சுட்டு அடுத்தது. இல்லன்னா ஆளுக்கு ஒண்ணா அவனவன் கட்டுவான். இவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? ஊரே சேந்து முதல் வீட்டுக்கு ஒரு வரிசை கல்லு வைக்கும். அப்புறம் ரெண்டாவது வீட்டுக்கு ஒரு வரிசை. இப்படியே பதினெட்டாவது வீடு வரைக்கும் போயி, திரும்ப முதல் வீட்டுக்கு வந்து ரெண்டாவது வரிசை! நூல் பிடிச்ச மாதிரி பதினெட்டும் ஒரே மட்டம். எந்த வீடும் எந்த வீட்டைவிட ஒரு கல்லு ஒசரம் கிடையாது.

தலையில அடிச்சுக்கிட்டேன். “கவுண்டரே, ஒண்ணை முடிச்சாத்தான் அதுக்கு அடுத்த தவணை வரும். ஒவ்வொண்ணா கட்டுங்க”ன்னேன்.

“அது எங்க வழக்கம் சார். கூரை மாத்தினாலும் ஊரே ஒரே நாள்ல மாத்துவோம். ஒருத்தன் வீட்டு அடுப்பு முன்னாடி எரிஞ்சு, ஒருத்தன் வீட்டு அடுப்பு பின்னாடி எரிஞ்சுதுன்னா ஊரு ஊரா இருக்காது”ன்னாரு.

நான் டிப்ளமோ படிச்சவன் சார். எங்க வாத்தியார் எவனும் அடுப்பைப் பத்திச் சொல்லிக் குடுக்கல. எப்படியோ போங்கன்னு விட்டுட்டேன்.

போன கார்த்திகை மாசம் ஜன்னல் மட்டம் வந்துச்சு, அதாவது ஜன்னல் உக்கார்ற ஒசரம். பதினெட்டும்தான். கடலோரத்துல ஒரு புயல் அடிச்சுட்டுப் போச்சே, ஞாபகம் இருக்கா? அடுத்தது வருதுன்னு டி.வி.யில கத்திக்கிட்டு இருந்தான். ஒரு செவ்வாக்கிழமை காலையில ஆர்டர் வருது. பதினாலாவது பாரா சார். அவசரகாலம், வீட்டு நிதி நிறுத்தம், பணம் நிவாரணத்துக்குப் போவுது. ஒரே ஒரு சலுகை. லிண்டல் மட்டம் தாண்டின வீட்டுக்கு மட்டும் பணம் தொடரும். லிண்டல்னா கதவு, ஜன்னலுக்கு மேல ஓடுற காங்கிரீட் கட்டை. மத்ததெல்லாம் மறு உத்தரவு வரைக்கும் நிறுத்தி வைக்கணும். எந்த வீடு எந்த மட்டம்னு வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள நான் எழுதி அனுப்பணும்.

புரியுதா? ஒவ்வொண்ணா கட்டியிருந்தா அன்னிக்கு எட்டு வீடாவது தேறியிருக்கும். நூல் பிடிச்சுக் கட்டினாங்களே, ஒண்ணுகூடத் தேறல.

நீங்க நெனைக்கறது தெரியுது. லிண்டல்னு எழுதிட வேண்டியதுதானேன்னு. ரெண்டு மூணு முழம்தான் குறையுது, யாரு வந்து அளக்கப் போறான்? பக்கத்து பிளாக்குல எழுதினான் ஒருத்தன். அவன் நல்லாத்தான் இருக்கான். ஆனா நான் அப்படி எழுத மாட்டேன் சார். மெஷர்மெண்ட்டுல பொய் எழுதறவன் இல்ல நான். பள்ளிக்கூடத்து காம்பவுண்டு சுவத்துக்கு எழுதினேனேன்னு ஆபீஸ்ல சிலபேரு பேசுவாங்க. அது வேற விஷயம். அது கான்ட்ராக்டர் வேலை, மேல இருக்கறவங்க சொல்லி எழுதினது. இது ஏழை ஜனங்க வேலை. இதுல பொய் எழுதினா பாவம் இல்லையா?

ஆனாலும் சும்மா இருக்கல. புதன்கிழமை காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு மேல போனேன். டிபன்கூட சாப்பிடல. தீர்த்தானைக் கூப்பிட்டுச் சொன்னேன். “கவுண்டரே, ஒரு வழி இருக்கு. ஆறு வீட்டை எடுத்துக்கங்க. மத்த பன்னெண்டுலேருந்து கல்லைப் பேத்து இந்த ஆறையும் நாளைக்குள்ள லிண்டல் ஏத்துங்க. ஆறாவது தப்பிக்கும்.”

“எந்த ஆறு சார்?”

“நீங்களே சொல்லுங்க. முதல்ல உங்க வீட்டை வச்சுக்கங்க. மருமக நிறைமாசம்.”

சடச்சின்னு அந்தப் பொண்ணு. அங்கதான் தழைப்பந்தல்ல உக்காந்து சாமை பொடைச்சிக்கிட்டு இருந்துச்சு. தீர்த்தான் அதைப் பாத்தாரு, அப்புறம் என்னைப் பாத்தாரு. “பன்னெண்டு பேரு கல்லு என் சுவத்துல இருக்கும். அதுல சாஞ்சு நான் எப்படி சார் உக்காருவேன்?”

கேட்டீங்களா பேச்சை? ஆத்திரமா வந்துச்சு. நான் பட்டினியா ஓடி வந்திருக்கேன், இவரு சாயறதைப் பத்திப் பேசறாரு. ஊரே கூடிப் பேசணும்னாரு. பேசுங்கன்னுட்டு எறங்கி வந்துட்டேன். வியாழக்கிழமை நாலு மணி வரைக்கும் பாத்தேன். ஒரு தகவலும் இல்ல. இருக்கறதை இருக்கறபடி எழுதினேன். பதினெட்டு, ஜன்னல் மட்டம். அனுப்பிட்டு ஒரு டீ குடிச்சேன்.

சனிக்கிழமை, நிறுத்தி வச்ச வேலையைப் போட்டோ எடுக்கணும்னு மறுபடியும் மேல அனுப்பினாங்க. மழை லேசா ஆரம்பிச்சுடுச்சு. போய்ப் பாக்கறேன், பதினெட்டு வீட்டையும் காணோம்! அஸ்திவாரம் மட்டும் பல்லு மாதிரி நிக்குது. ஊர் நடுவுல ஒரே ஒரு கட்டடம். நீளமா, ரயில் பெட்டி மாதிரி. பதினெட்டு வீட்டுக் கல்லையும் பேத்து ஒண்ணாக் கட்டிட்டாங்க. மூங்கிலைப் போட்டு மேல புல்லு வேஞ்சிக்கிட்டு இருக்காங்க. ஊரே கூடிப் பேசி எடுத்த முடிவு இது.

மூணு நாள்ல கல்லு எப்படி முழுசா பேந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. கலவை கொஞ்சம் லேசா இருந்துச்சு. சிமெண்ட் சப்ளையில ஏதோ முன்ன பின்ன. அதைப் பத்தி இப்ப வேணாம். ஒரு விதத்துல அதுவும் அவங்களுக்கு நல்லதாத்தான் போச்சு.

கத்தினேன் சார். அரசாங்கப் பொருள், ரெக்கார்டுல பதினெட்டு வீடு இருக்கு, நான் எங்க போய்க் காட்டுவேன்னு கத்தினேன். தீர்த்தான் பொறுமையாக் கேட்டாரு. “மழை வருது சார். முதல்ல உள்ள வாங்க”ன்னாரு. உள்ள போனா வாசலை மேக்கால வச்சிருக்காங்க. சாரல் பூரா உள்ள அடிக்குது. நமக்குத்தான் என்ஜினியர் புத்தி சும்மா இருக்காதே. “இப்படியா வாசல் வைப்பீங்க? கெழக்கால பாறை மறைப்பு இருக்கில்ல, அந்தப் பக்கம் தெறந்துட்டு இதை அடைங்க”ன்னேன். ஒரு மணி நேரத்துல மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் உள்ள ஒரு பொட்டுத் தண்ணி வரல. அதை நான் பெருமையாத்தான் சொல்லுவேன்.

அன்னிக்கு மத்தியானமே ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ்ஸு நின்னு போச்சு. அஞ்சு நாள் சார். அஞ்சு நாளும் அந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருந்தேன். பதினெட்டு குடும்பம், ஆடு, கோழி, நானு. எனக்குன்னு நடுவுல நல்ல எடமாப் பாத்து, இருந்ததுல நல்ல கம்பளியாக் குடுத்தாங்க. மூணு வேளையும் முதல் சோறு எனக்குத்தான். சாமைச்சோறு, கொள்ளுக்குழம்பு. எனக்கு அது ஒத்துக்காது. வாய்விட்டுச் சொல்லலை. மூணாம் நாள் காலையில சடச்சிக்கு வலி எடுத்துடுச்சு. ஆம்பளைங்க எல்லாரும் வெளிய போங்கன்னுட்டாங்க பொம்பளைங்க. என்னையும்தான்! எறவாணத்துல தலையை மட்டும் நனையாம வச்சிக்கிட்டு ரெண்டு மணி நேரம் குந்தியிருந்தேன். ஆம்பளப் புள்ள. ரெண்டு உசுரும் நல்லபடியா இருந்துச்சு. தழைப்பந்தலா இருந்திருந்தா என்ன ஆயிருக்குமோன்னு தீர்த்தான் அழுதாரு. எனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு, அதை யாரும் கேக்கல. கேட்டாங்க, கஷாயம் குடுத்தாங்க. ஆனா மாத்திரை இல்ல.

எறங்கி வந்தப்புறம் ரிப்போர்ட் எழுதணும். இங்கதான் நீங்க என் நெலமையைப் பாக்கணும். பதினெட்டு வீட்டைக் காணோம்னா முதல்ல யாரைப் பிடிப்பான்? என்னை. பொம்பளப் புள்ள ரெண்டு இருக்கு சார் எனக்கு. அதனால, ‘பயனாளிகள் என் கவனத்துக்குக் கொண்டு வராமல், அனுமதியின்றி, அரசு நிதியில் கட்டிய சுவர்களை இடித்துவிட்டார்கள், சாலை சரிசெய்யப்பட்ட பின் நேரில் சென்றபோதே தெரிய வந்தது’ன்னு எழுதினேன். நடந்ததுல பாதி அதுல இருக்கில்ல? அவங்களுக்கு ஒரு கெடுதலும் வராதுன்னுதான் நெனச்சேன். மலைக்காரங்களை என்ன பண்ணிடப் போறாங்க, அதிகம் போனா ஒரு நோட்டீஸ்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தாரு. சின்ன வயசு. அந்தக் கட்டடத்துக்குள்ளயே உக்காந்து தீர்த்தானைக் கேட்டாரு. நானும் பக்கத்துல நிக்கறேன். கண்ணால ஜாடை காட்டறேன். தீர்த்தான் என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாரு. என்னைக் காப்பாத்தறேன்னு நெனச்சிக்கிட்டு ஆரம்பிச்சாரு சார்.

“ஓவர்சியர் சாரை ஒண்ணும் சொல்லாதீங்க ஐயா. எங்களுக்காவ பட்டினியா ஓடி வந்தவரு. கல்லைப் பேக்கலாம்னு வழி காட்டினதே அவருதான். நாங்க வாசலைத் தப்பா வச்சுட்டோம், அவருதான் கெழக்கால மாத்தச் சொன்னாரு. புயல்ல எங்களை விட்டுட்டுப் போவல. அஞ்சு நாள் எங்ககூடவே கெடந்தாரு. என் மருமவளுக்கு நோவு வந்தப்ப மழையில நனைஞ்சிக்கிட்டு வெளிய நின்னாரு. பெத்த அப்பன்கூட அப்படி நிக்க மாட்டான். அவருக்கு நல்லது பண்ணுங்க ஐயா.”

அதிகாரி ஒவ்வொரு வரியா எழுதிக்கிட்டாரு. என் ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்துல வச்சாரு. என்னைப் பாத்தாரு. அவ்வளவுதான். பொய் ரிப்போர்ட், உடந்தை, மெமோ, இன்கிரிமெண்ட் கட்.

அஞ்சு நாள் சோறு போட்டவரு சார்! எனக்காக ஒரு பொய், ஒரே ஒரு பொய், ஓவர்சியருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வெளிய வந்து அவருகிட்ட கேட்டேன். என் பொழைப்பைக் கெடுத்துட்டியேன்னு. அப்ப மரியாதையெல்லாம் வரல வாயில. அவருக்குப் புரியவே இல்ல. “நல்லதுதானே சார் சொன்னேன், எதையாவது விட்டுட்டேனா?”ன்னு கேக்கறாரு. வயிறு எரிஞ்சுச்சு எனக்கு. இன்னும் எரியுது.

சரி, கதை அதோட முடியல. பத்து மாசம் கழிச்சு இப்ப நிறுத்தி வச்ச நிதியை விடுவிச்சுட்டாங்க. நல்ல சேதிதான். ஆனா எங்க நிறுத்தினோமோ அங்கேருந்துதான் விடுவிக்க முடியும். ரெக்கார்டுல என்ன இருக்கு? பதினெட்டு வீடு, ஜன்னல் மட்டம். நான் எழுதினது. அது அப்படியே நெலத்துல இருக்கணும். அதனால பதினஞ்சு நாளுக்குள்ள அந்தக் கட்டடத்தை இடிச்சு, கல்லை அந்தந்த அஸ்திவாரத்துல ஜன்னல் மட்டத்துக்கு வச்சு, போட்டோ எடுத்து அனுப்பணும். இல்லன்னா பதினெட்டும் ரத்து, வாங்கின தவணையையும் திருப்பிக் கட்டணும். உத்தரவு ரெடி. டிராஃப்ட் நான்தான் போட்டேன். ஃபைல் எனக்குத்தானே அத்துப்படி. ஒரு எழுத்துகூடத் திருத்தாம கையெழுத்துப் போட்டாரு மேலதிகாரி.

என்ன கேட்டீங்க? ஆமா, இன்னும் நாலு நாள்ல ஐப்பசி. மழைக்காலம்தான். இடிச்சா எங்க இருப்பாங்கன்னா... பழைய தழைப்பந்தல்தான். புள்ள பத்து மாசம், தவழுது. அதெல்லாம் எனக்கும் தெரியும் சார், நானும் புள்ள பெத்தவன். நான் என்ன பண்ணட்டும்? கட்டடத்தை விட்டுடலாம்னு ஒரு வரி எழுதினா, ஏகாம்பரம் அங்க கம்பளி போத்திப் படுத்தவன்தானேன்னு உடனே சொல்லுவாங்க. என் வாயை அடைச்சதே தீர்த்தான்தான். ஆமா, மழை ரொம்பப் பெருசா வந்து புயல்னு அறிவிச்சுட்டா முகாம் போடுவாங்க. அரிசி, பாய் எல்லாம் குடுப்பாங்க. ஆனா அப்ப மறுபடியும் பதினாலாவது பாரா வந்துடும்.

அப்படிப் பாக்காதீங்க சார். சட்டம் நான் போட்டதா?

இதோ பாருங்க, அடுத்த வளைவு தாண்டினா கடைசி ஸ்டாப்பு. நீங்க டிக்கெட் எடுக்கும்போதே காதுல விழுந்துச்சு, மேல்நெல்லிப்பட்டுன்னீங்க. அதனாலதான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். ஒரு சின்ன உதவி. இந்தக் கவரைத் தீர்த்தான் கையில குடுத்துடுங்க. ரெண்டு காப்பி இருக்கு. ஒண்ணு அவருக்கு. இன்னொண்ணுல கைநாட்டு வாங்கி கண்டக்டர்கிட்ட குடுத்தீங்கன்னா போதும், பஸ்ஸு இருபது நிமிஷம் நிக்கும். மை டப்பாகூட உள்ளயே வச்சிருக்கேன். நான் எறங்கல. எறங்கினா பாத்துடுவாரு. ஓடி வந்து கையைப் பிடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போயி, அந்தப் புள்ளையைத் தூக்கி என் மடியில வைப்பாரு. என்னால முடியாது சார்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களைத்தான் கேப்பாரு. தெரியாதுன்னு சொல்லிடுங்க. ஒரு பொய்தானே சார்.